கேலிய மன்னரின் அடைமொழிகள்: வரலாற்றுச் சான்றாகும் தகுதி

அரசர் வரலாற்றை ஆராய்வார்க்குக் கல்வெட்டும் நாணயமும் ஏடும் போலவே பெயரும் ஒரு சான்றாகும். பெயரோடு ஒட்டி நிற்கும் அடைமொழியோ, சிலவிடத்துப் பெயரினும் சிறந்த சான்றாக விளங்கும். சிலவிடத்து ஆராய்வாரை நெடுந்தொலைவு வழிதப்பச் செய்யும் பொய்ச்சான்றாகவும் முடியும். இவ்விரு தன்மையையும் ஒருங்கே காண்டற்கு ஏற்ற களம் இடைக்காலக் கேலியர் வரலாறாகும். கேலியர் என்பார் அயர்லாந்திலும், ஸ்காட்லாந்தின் மேற்கிலும் வடக்கிலும் வாழ்ந்து, கேலிக் மொழி பேசிய மக்கள் ஆவர். அவர்தம் மன்னருள் அடைமொழி பெறாதாரினும் பெற்றாரே பெயர் நிலைத்தோராய்க் காணப்படுகின்றனர். அவ்வடைமொழிகள் யாவை, எவ்வெவற்றின் அடியாகப் பிறந்தன, எப்பொழுது யாரால் இடப்பட்டன, அவற்றை வரலாற்றாசிரியன் எவ்வளவு நம்பலாம் என்பவற்றை இக்கட்டுரை ஆராயும்.

ஒரு கொடிவழி

அடைமொழியின் இன்றியமையாமையை உணர்தற்கு ஒரு குடியின் கொடிவழியைக் காண்பதே போதும். அயர்லாந்தின் வடபகுதியை ஆண்ட நீயல் வழியினருள் நீயல் பிரோசக் என்பான் 778ஆம் ஆண்டில் இறந்தான். அவன் மகன் ஆயத் ஓர்ட்நித் 819இல் இறந்தான். ஆயத்தின் மகன் நீயல் கல்லியே. இறந்த ஆண்டு 846. அவன் மகன் ஆயத் பின்லியத். இறந்த ஆண்டு 879. அவன் மகன் நீயல் குளூந்துவ். 919இல் டப்ளின் போர்க்களத்தில் வடபுல வைக்கிங்கரோடு பொருது மடிந்தான். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால் ஐந்து தலைமுறைகளில் இரண்டே பெயர்கள் மாறி மாறி வந்துள்ளன. அடைமொழியை நீக்கின் எஞ்சுவன மூன்று நீயல்களும் இரண்டு ஆயத்துகளுமே. ஒருவன் செயலை மற்றொருவன் மேல் ஏற்றிக் கூறும் பிழை நேராமற் காப்பது அடைமொழி ஒன்றே என்பது வெளிப்படை.

இவ்வைந்து அடைகளின் பொருளும் நோக்கத்தக்கது. ‘பிரோசக்’ என்பது மழைப்பொழிவுகளையுடையவன் என்று பொருள்படும். அவன் பிறந்த 718ஆம் ஆண்டில் ஓரிடத்துத் தேன்மாரியும் மற்றோரிடத்துக் குருதிமாரியும் பொழிந்தன என்றும், அதனாலேயே அவன் அப்பெயர் பெற்றான் என்றும் அல்ஸ்டர் ஆண்டுக் குறிப்பேடு கூறுகின்றது. ‘ஓர்ட்நித்’ என்பது திருநிலைப்படுத்தப்பெற்றவன் எனப் பொருள்படும். இலத்தீன் மொழிச் சொல்லடியாகப் பிறந்து திருச்சபை வழக்கிற் பயின்றது. ‘பின்லியத்’ என்பதன் பொருள் வெண்மை கலந்த நரைநிறத்தான் என்பது. ‘குளூந்துவ்’ என்பது கருமுழங்காலன் என்பது. எஞ்சிய ‘கல்லியே’ என்பது ஓர் ஆற்றின் பெயர். அந்நீயல் 846இல் ஆர்மா நகரை அடுத்தோடும் கேலன் ஆற்றில் மூழ்கி இறந்தான். அவ்வாற்றின் பெயரே அவனுக்கு அடையாயிற்று.

இவ்விறுதி அடை ஒரு பேருண்மையை உணர்த்துகின்றது. ஆற்றில் மூழ்கி இறந்தமையாற் பெற்ற அடையை அவ்வரசன் தன் வாழ்நாளில் ஒரு பொழுதும் கேட்டிருத்தல் இயலாது. அவன் அவைக்களத்துப் புலவரும் அவனை அவ்வாறு அழைத்திரார். இறந்தபின் ஏடெழுதியோர் ஒரு நீயலை மற்றொரு நீயலினின்று பிரித்தறிதற்பொருட்டு இட்ட அடையே அது. இங்ஙனமே, 1260ஆம் ஆண்டு டவுன் என்னுமிடத்து நிகழ்ந்த போரில் மடிந்த பிரையன் ஓ நீல், ‘டவுன் போர்ப் பிரையன்’ எனப் பெயர் பெற்றான். ஆகவே, அடைமொழி என்றவுடன் அதனை அம்மன்னன் வாழ்ந்த காலத்தே மக்கள் வாயில் வழங்கிய பெயராகக் கொள்ளுதல் தவறு என்பது முதற்கண் மனங்கொளத்தக்கது.

ஆறு நிலைக்களன்கள்

பெயர்ச்சொற்கள் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்னும் ஆறனடியாகப் பிறக்கும் என நம் இலக்கண நூலார் கூறுவர். தொடர்பற்ற ஒரு மொழியின் அடைமொழிகளை வகைப்படுத்தற்கும் இவ்வறுவகைப் பாகுபாடு பெரிதும் பொருந்தி வருதல் வியப்புக்குரியது.

பொருளடியாகப் பிறந்தமைக்குச் சான்று, நீயல் குளூந்துவின் மகன் மூர்க்கெர்த்தக் பெற்ற ‘தோற்போர்வைகளையுடைய’ என்னும் அடையாகும். அவன் குளிர்காலத்தில் படையோடு அயர்லாந்தை வலம் வந்து பல அரசரிடத்தும் பிணையரைப் பெற்றான் என்றும், அப்பொழுது அவன் வீரர் தோற்போர்வை அணிந்திருந்தனர் என்றும் மரபு கூறும். 943இல் அவன் டப்ளின் வைக்கிங்கரால் கொல்லப்பட்டான். கன்னாட்டு நாட்டை ஆண்டு 1067இல் இறந்த ஆயத் என்பான் ‘பிளவுபட்ட வேலினன்’ எனப்பட்டதும் இவ்வகையதே.

இடத்தடியாகப் பிறந்தவற்றுள் நீயல் கல்லியேயின் அடையை மேலே கண்டோம். லென்ஸ்டர் அரசன் டியர்மித் மாக் முர்கதாவின் மகன் டோம்னல், கேவான் என்னும் அடியவர் பெயரால் அமைந்த கோயிலிடத்து வளர்க்கப்பட்டமையால் ‘கேவானக்’ எனப்பட்டான். காலத்தடியாகப் பிறந்தது பிரோசக் என்பது. சினையடியாகப் பிறந்தன கருமுழங்காலன் என்பதும், 1224இல் இறந்த கன்னாட்டு அரசன் கதல் பெற்ற ‘குரோவ்தெர்க்’ அதாவது செங்கையன் என்பதும் ஆம். குணத்தடியாகப் பிறந்தவை பல. ‘புயித’ (மஞ்சள்), ‘டொன்’ (பழுப்பு), ‘ருவத்’ (செம்மை), ‘பான்’ (வெண்மை) ஆகிய நிறச்சொற்கள் பெரும்பாலும் தலைமயிரின் நிறத்தைக் குறித்தன. ‘பிரெக்’ என்பது புள்ளிகளையுடையவன் எனப்படும்; 642இல் போரில் இறந்த தால்ரியாதா அரசன் டோம்னல் பிரெக் இவ்வடை பெற்றவன். தொழிலடியாகப் பிறந்தமைக்கு 695இல் இறந்த பின்ஷ்னெக்தா என்பான் பெற்ற ‘விருந்தயர்வோன்’ என்னும் அடையைக் காட்டலாம்.

கேலிக் மொழியில் அடை பெயர்க்குப் பின் நிற்கும். பெயர் முன்னும் பண்பு பின்னுமாக அமையும் இம்முறையால் அடை எளிதிற் பெயரோடு ஒன்றிவிடுதலும் உண்டு. சேக்சுபியரின் ‘மாக்பெத்து’ நாடகத்தில் டங்கனின் மகனாக வரும் டோனல்பெய்ன் என்பான் பெயர், டோம்னல் பான், அதாவது வெள்ளை டோம்னல், என்னும் பெயரும் அடையும் இணைந்த ஒரு சொல்லே. 1093 முதல் 1097 வரை, இடையே ஒருமுறை அரசிழந்து மீண்டு, ஸ்காட்லாந்தை ஆண்டவன் அவன்.

அடையின் பொருளைத் துணிதற்கண் எச்சரிக்கை வேண்டும். ‘மோர்’ என்னும் சொல் பெரிய என்று பொருள்படும். இதனைக் கண்டவிடத்தெல்லாம் பெருமை மிக்கவன் என்று உரைத்தல் ஆகாது. 1397இல் இறந்த நீயல் மோர் ஓ நீலின் மகன், 1403இல் இறந்த நீயல் ஓக். ‘ஓக்’ என்பது இளைய என்பதாம். எனவே ஈண்டு ‘மோர்’ என்பது மூத்த என்னும் பொருளதே. மகன் அதே பெயரோடு வளர்ந்த பின்னரே தந்தைக்கு இவ்வடை வேண்டப்பட்டது. பிரையன் போரு பெற்ற அடையும் இருவகையாக விளக்கப்படும். ‘போருமா’ என்பது ஆனிரையாகச் செலுத்தும் திறையைக் குறிக்கும் என்பது ஒன்று. ஷானன் ஆற்றங்கரையில் கில்லலோ ஊரை அடுத்துள்ள ஓர் இடத்தின் பெயர் என்பது மற்றொன்று. லென்ஸ்டர் மக்களிடத்து ஆனிரைத் திறை பெறும் உரிமையைத் தமதெனக் கொண்டாடியவர் பிரையனுக்குப் பகைவரான நீயல் வழியினரே. பிரையனது குடியோ ஷானன் கரையில் வாழ்ந்தது. ஆதலின் இடப்பெயர் என்னும் விளக்கமே ஏற்புடைத்தாகத் தோன்றுகின்றது. அவன் 1014இல் குளோண்டார்ப் போரில் மடிந்தபின் அவன் புகழ் வளர வளர, திறை கொண்டவன் என்னும் பொருள் மேலோங்கியது இயல்பே.

ஊனமும் அரசுரிமையும்

சில அடைகள் வெறும் அடையாளமாக நில்லாமல் அரசுரிமையையே தொடுவனவாயின. கேலியர் கொள்கைப்படி அரசன் உடற்குறை இல்லாதவனாதல் வேண்டும். அல்ஸ்டர் பகுதியை ஆண்ட கொங்கல் என்பான் ‘காய்க்’, அதாவது ஒரு கண் குருடன், எனப்பட்டான். தேனீ வளர்ப்பார்க்கு உரிய உரிமைகளையும் தேனீயால் நேரும் தீங்குக்கு உரிய ஈட்டையும் கூறும் பழைய அயர்லாந்துச் சட்டநூல் ஒன்று உண்டு, ‘பெக்பிரெதா’ என்பது அதன் பெயர், ஏழாம் நூற்றாண்டினது. கொங்கலின் ஒரு கண்ணைத் தேனீக்கள் குருடாக்கின என்றும், அதற்கு முன் அவன் டாரா அரசனாக இருந்தான் என்றும், அவ்வூனமே அவனை அரசினின்று நீக்கிற்று என்றும் அந்நூல் கூறுகின்றது.

டாரா அரசு என்பது அயர்லாந்திலேயே தலைமை வாய்ந்தது. ஆயின், பின்னாளில் எழுதப்பட்ட டாரா அரசர் பட்டியல்களில் கொங்கலின் பெயர் இல்லை. அப்பட்டியல்களிற் பெரிதும் இடம்பெற்றோர் நீயல் வழியினர். கொங்கலோ வேறு குடியினன். 637இல் மாக்ரோத் என்னும் களத்தில் நீயல் வழி அரசனை எதிர்த்துப் பொருது மடிந்தவன். அக்களத்தில் அவனுக்குத் துணைநின்றவன் மேற்கூறிய டோம்னல் பிரெக். பட்டியல் எழுதினோர் விலக்கிய ஓர் அரசனைத் தேனீச் சட்டம் எழுதினோர் தம் பொருளுக்கு வேண்டிய ஒரு வழக்காகக் குறித்துவைத்தனர். ‘காய்க்’ என்னும் சிறு அடை அக்குறிப்போடு இணைந்து, மறைக்கப்பட்ட ஓர் ஆட்சிக்குச் சான்றாகின்றது. அரசர் பட்டியலினும் அடைமொழி நேர்மையுடைய சான்றாதற்கு இஃது ஏற்ற எடுத்துக்காட்டு.

ஊனம் பற்றிய இக்கொள்கை ஏட்டளவில் நின்றதன்று. ‘மஞ்சட் பெண்நாயின்’ என்னும் அடை பெற்ற கன்னாட்டு அரசன் ரோரி ஓ கானரை 1092இல் பகைவர் கண்பறித்தனர். அவன் 1118 வரை உயிரோடிருந்தும் மீண்டும் அரசனாகவில்லை. பகைவனைக் கொல்லாமலே அரசினின்று நீக்குதற்கு அவனைக் குருடாக்குதல் ஒரு வழியாக இருந்தது. எனினும் காலம் செல்லச் செல்ல இக்கொள்கை தளர்ந்தது. முடவன் எனப் பொருள்படும் ‘பகக்’ என்னும் அடையோடு கொன் ஓ நீல் தன் குடிக்குத் தலைவனாயிருந்து, 1542இல் ஆங்கில அரசிடம் டைரோன் கோமகன் பட்டமும் பெற்றான். ஏழாம் நூற்றாண்டில் அரசை இழப்பித்த ஊனம் பதினாறாம் நூற்றாண்டில் வெறும் அடையாளமாய் ஒழிந்தது.

புகழும் பழியும்

ஸ்காட்லாந்து மன்னரின் அடைகள் பலவற்றுக்கு நிலைக்களனாக உள்ளது ‘பெர்க்கானின் வருவதுரை’ எனப்படும் கேலிக் செய்யுள். நடந்து முடிந்தவற்றை இனி நடக்கப் போவனவாகப் பழங்கால அடியவர் ஒருவர் வாயில் வைத்துப் பாடுவது அது. வருவதுரைப்பார் பெயரைச் சுட்டிக் கூறார் ஆதலின், அரசர் பெரும்பாலும் அடைமொழியாலேயே குறிக்கப்படுகின்றனர். எவ்வடை எவ்வரசனுக்குரியது என்பதை ஆட்சிவரிசை கொண்டு ஆராய்வாரே துணிய வேண்டியுள்ளது.

அச்செய்யுளில் ஓர் அரசன் ‘பின்கலக்’ எனப்படுகின்றான். 971 முதல் 995 வரை ஆண்ட இரண்டாம் கென்னத்தையே இது குறிக்கும் என்பர். இவ்வடையைக் கொடியவன் என்று பொதுப்படப் பெயர்த்தல் போதாது. ‘பின்கல்’ என்பது சுற்றத்தாரைக் கொல்லும் குற்றத்திற்குக் கேலியர் சட்டம் வழங்கிய தனிப்பெயர். கென்னத்து 977இல் அரசுரிமைப் போட்டியில் அம்லைவ் என்பானைக் கொன்றான் என ஆண்டுக் குறிப்பேடு கூறும். அம்லைவும் கென்னத்தும் ஒரே குடியின் இரு கிளையினர். எனவே இவ்வடை வசைமொழி மட்டுமன்று. சட்டப்படி அமைந்த குற்றச்சாட்டுமாம். ஆண்டுக் குறிப்பு அதனை உறுதி செய்கின்றது.

இதற்கு மாறாக, டங்கனைக் கொன்று 1040 முதல் 1057 வரை ஆண்ட மாக்பெத்து, அதே செய்யுளில் ‘செவ்வரசன்’ எனப்படுகின்றான். செம்மை ஈண்டுக் குருதியைச் சுட்டுவதாகக் கருதுதல், நாடகத்தைப் படித்துவிட்டு வரலாற்றை நோக்குவார் எளிதிற் செய்யும் பிழையாகும். செய்யுளோ அவனைச் செந்நிறமும் பொன்மயிரும் உடைய நெடியோன் என்றும், அவன் ஆட்சியில் நாடு வளம் நிறைந்தது என்றும் புகழ்கின்றது. அவனுக்குப்பின் சில திங்களே ஆண்டு, 1058இல் மூன்றாம் மால்கமின் பகையால் மடிந்த லூலக் என்பானுக்கோ இலத்தீன் ஏடுகள் ‘பேதை’ என்னும் அடையைச் சூட்டின. வென்றவன் வழியினரே அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஸ்காட்லாந்தை ஆண்டனர். தோற்றவனுக்கு அமைந்த பழிப்பெயரை மதிப்பிடும்போது இதனை மறத்தல் ஆகாது. லென்ஸ்டர் அரசன் டியர்மித் மாக் முர்கதா, 1166இல் நாடிழந்து, ஆங்கில நார்மானியர் துணையை நாடி, 1169இல் அவர் அயர்லாந்தில் கால்கொள்ள வழிசெய்து, 1171இல் இறந்தான். ‘அயலாரின் டியர்மித்’ என்று அவனுக்கு வழங்கிய பெயர், அந்நிகழ்ச்சியின் விளைவை நெடுங்காலம் துய்த்த மக்களின் தீர்ப்பாக நிலைத்துவிட்டது.

பெருந்தலையன் யார்?

மேற்கூறியவற்றை மனத்திற்கொண்டு, ஸ்காட்லாந்து வரலாற்றில் மிகப் புகழ்பெற்ற அடையாகிய ‘கான்மோர்’ என்பதை ஆராய்வாம். ‘கென் மோர்’ என்னும் கேலிக் தொடரின் திரிபு இது. ‘கென்’ என்பது தலை. தலைவன் என்றும் பொருள்படும். எனவே இத்தொடரைப் பெருந்தலையன் எனவும் பெருந்தலைவன் எனவும் கொள்ளலாம். 1058 முதல் 1093 வரை ஆண்ட மூன்றாம் மால்கமுக்கு உரியதாக இவ்வடை வழங்கி வருகின்றது. அவன் வழியினரை ‘கான்மோர் குடியினர்’ என்றே வரலாற்று நூல்கள் குறிக்கும். அவன் தலைமைச் சிறப்புக்கு இவ்வடையையே சான்றாகக் காட்டினாரும் உளர்.

ஆயின் சான்றுகளைக் காலமுறைப்படி அடுக்கி நோக்குங்கால் நிலை வேறாகின்றது. மூன்றாம் மால்கமை இவ்வடையாற் குறிப்பன அவன் காலத்திற்கு நெடிது பிற்பட்ட ஏடுகளே. அல்ஸ்டர் ஆண்டுக் குறிப்பேடோ, 1165ஆம் ஆண்டின்கீழ், என்றியின் மகனாகிய மால்கம் கென் மோர், ஸ்காட்லாந்தின் பேரரசன், இறந்தான் எனக் குறித்து, கடலுக்குக் கிழக்கே வாழும் கேலியருள் தலைசிறந்த கிறித்தவன் என அவனைப் போற்றுகின்றது. என்றியின் மகன், மூன்றாம் மால்கமின் கொள்ளுப்பேரனாகிய நான்காம் மால்கம். 1153 முதல் 1165 வரை ஆண்டவன். மணம் செய்யாது இளமையிலேயே இறந்தமையாற் ‘கன்னி’ என்னும் அடையையும் பின்னாளிற் பெற்றவன். இச்சான்றின் அடிப்படையில், ‘கென் மோர்’ என்பது முதற்கண் நான்காம் மால்கமுக்கே உரியது என்றும், பின்னரே அவன் முன்னோனுக்கு ஏறியது என்றும் ஏ. ஏ. எம். டங்கன் 2002இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார்.

இம்முடிபு ஏற்கத்தக்கது என்பதே என் கருத்து. காரணம் மூன்று. முதலாவது, இறப்புச் செய்தியோடு உடனெழுந்த குறிப்பு, நெடுங்காலம் கழித்து எழுந்த குறிப்பினும் வலிமையுடையது. இரண்டாவது, ஒரே பெயருடையார் இருவருள் புகழ்மிக்கோனிடத்து மற்றவன் அடை சென்று சேர்தல் இயல்பு. நான்காம் மால்கம் மகப்பேறின்றி மறைந்தான். மூன்றாம் மால்கமோ அரசர் பலர்க்கு முன்னோன். தூய மார்கரெட்டின் கணவன். மூன்றாவது, ‘கன்னி’ என்னும் புதிய அடை நான்காம் மால்கமுக்கு நிலைபெற்றபின், பழைய அடை உரியவனை இழந்து நின்றது. அதனைத் தாங்குதற்குப் பிறிதொரு மால்கம் இருந்தான்.

இம்முடிபை ஏற்பின், அடையின் பொருளும் தெளிவாகின்றது. இருபத்தைந்து அகவையை எட்டாது இறந்த இளைஞனைப் பெருந்தலைவன் என்பதினும், அவன் உடற்கூற்றைக் குறித்துப் பெருந்தலையன் என்றல் பொருந்தும். நோயால் அவன் தலை பருத்திருக்கலாம் என ஆய்வாளர் கருதுவதும் இதற்கு இயைபுடையது. அவ்வாறாயின், நோயுற்ற இளைஞன் ஒருவனின் உடற்குறியே, அவன் முன்னோனின் பெருந்தலைமைக்குச் சான்றாகப் பன்னூறாண்டுகள் எடுத்தாளப்பட்டது என்றாகின்றது. ஓர் அரசகுடியின் பெயரே பிழையின் மேல் நிற்கின்றது.

அடையே குடிப்பெயராதல்

அடைமொழி ஒருவனோடு ஒழியாமல் குடிக்கும் நாட்டிற்கும் பெயராதலும் உண்டு. 919இல் மடிந்த நீயல் குளூந்துவின் பேரன் டோம்னல், பேரன் எனப் பொருள்படும் ‘உவா’ என்னும் சொல்லோடு ‘உவா நீயல்’ எனப்பட்டான், 980இல் இறந்தான். ஓ நீல் என்னும் குடிப்பெயர் இதன்வழி வந்தது. ஒன்பது பிணையர் கொண்ட நீயல் எனத் தொன்மரபு கூறும் முன்னோனின் வழியினர் பெயரும் இதனை ஒத்திருப்பதால் இரண்டையும் ஒன்றெனக் கொள்வாருளர். கருமுழங்காலன் என்னும் அடையே இரண்டையும் பிரித்துக் காட்டுவது. 1283இல் இறந்த மஞ்சள் ஆயத்தின் வழியினர் ‘கிளான் ஆயத் புயித’ எனப்பட்டனர். அவர் ஆண்ட நிலப்பகுதி கிளாண்டிபாய் எனப் பெயர் பெற்றது. 1384இல் கன்னாட்டு ஓ கானர் குடி இரண்டாகப் பிரிந்தது. இரு தலைவர்க்கும் பெயர் டர்லக் என்பதே. ஆதலின் ஒருவன் பழுப்பு மயிரான், மற்றவன் செம்மயிரான் எனப் பிரித்தறியப்பட்டனர். அம்மயிர் நிறங்களே பின்னர் ஓ கானர் டான், ஓ கானர் ரோ என்னும் இரு குடித்தலைமைப் பெயர்களாக நிலைத்தன.

முடிவுரை

கேலிய மன்னரின் அடைமொழிகள் அழகு கருதி அமைந்தனவல்ல. சிலவாய பெயர்களே மீண்டும் மீண்டும் வழங்கிய சமுதாயத்தில் ஆளறிதற்கு அமைந்த கருவிகள். அவை வரலாற்றுச் சான்றாதற்கு மூன்று வினாக்களுக்கு விடை தருதல் வேண்டும். அவ்வடை முதன்முதல் ஏட்டில் தோன்றியது எப்பொழுது? அக்காலத்து அச்சொல்லின் பொருள் யாது? அதனை வழங்கியோர் யார் பக்கத்தினர்? கொங்கலின் அடையும் கென்னத்தின் அடையும் இவ்வினாக்களுக்கு ஈடுகொடுத்து நிற்கின்றன. லூலக்கின் அடை தளர்கின்றது. கான்மோர் என்னும் அடை தனக்கு உரியவனையே மாற்றிக்கொள்கின்றது. அடைமொழியைக் கண்டவுடன் அரசனைக் கண்டோம் என்று கொள்ளாது, அதனை இட்டவரையும் காண முயலுதல் ஆராய்ச்சியாளர் கடனாகும்.